போட்டு வா, விசுக்கோத்து

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போனதில்லை. எல்லோரும் போட்டு வந்தார்கள். அப்பா குப்பைத்தொட்டியை வீதியோரம் உருட்டிக்கொண்டு போய் வைப்பதென்றாலும் 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்களூர்ச் சுருக்கம் அது. வெறுமனே 'போறன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியவர்களை அம்மா சும்மா விட்டதில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் நான் "போறன் அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வீதி முனையிலிருந்து என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவைத்து, ஒழுங்காகச் சொல்லச் சொல்லி மறுபடி அனுப்பினார். அன்றைக்குப் பிந்தி வந்த காரணத்தை ஆங்கிலத்தில் ரீச்சருக்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வந்தவர்களை வழியனுப்பும்போதும் அதே சட்டம்தான். தண்ணீர்க்குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரருக்கு அம்மா "ஓகே, கோ அண்ட் கம்" என்று சிரித்த முகத்தோடு விடைகொடுத்தார். அந்த மனிதர் எதையோ திருத்த மறந்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஊரைவிட்டு வந்து, பென்டில் ஹில் என்கிற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்புறம் கராஜுக்குள் கட்டில் போட்டிருந்த மாமா. மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து உயிர்தப்பிப் படகில் வந்தவர். கார் கழுவும் இடமொன்றில் வேலை செய்தார். இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் எதுவரைக்கும் என்று மட்டும் கேட்கக்கூடாது என்கிற வகை விசா அவருடையது. வீட்டுக்கு யாராவது கடிதம் கொண்டுவந்தால் மாமா முதலில் உறையின் மூலையைப் பார்ப்பார். அரசாங்க முத்திரை இல்லையென்றால்தான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

எனக்கு நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற காலம் அது. வகுப்பில் எல்லோர் வீட்டிலும் நாய் இருந்தது, அல்லது அப்படித்தான் நான் அப்பாவிடம் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டுச் சொந்தக்கார அங்கிள், கோயிலில் அடிக்கடி காணும் மனிதர், நாய் பூனை ஒன்றும் ஏலாது என்று குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் அரித்த அரிப்புத் தாங்காமல் அப்பா ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கைவிடப்பட்ட நாய்களுக்கு நிரந்தரமான வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்க்கிற ஃபொஸ்டர் குடும்பங்களைத் தேடும் அமைப்பு ஒன்று இருந்தது. சாப்பாடு அவர்களே தருவார்கள், மருத்துவரும் அவர்கள் பொறுப்பு. கொஞ்ச நாளைக்கென்றால் பரவாயில்லை என்று அங்கிளும் தலையாட்டினார். நாய் நாற்றமும் நாய்ப்பீ அள்ளுகிற வேலையும் சேர்ந்து மகளின் ஆசையைத் தீர்த்துவிடும், அதற்குள் நாயும் தானாகவே போய்விடும் என்பது அப்பாவின் கணக்கு.

"உந்த ஃபொஸ்டர் எண்டா என்ன?" என்று அம்மா கேட்டார். அப்பா கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு நீளமாக விளக்கத் தொடங்கினார். மாமா குறுக்கே புகுந்தார்.

"அக்கா, பிரிட்ஜிங் விசா. முடிவு வருமட்டும் இருக்கலாம்."

அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

நாயை அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மண்ணிறம். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்ததால் எப்போதும் பாதிச் செய்தியை மட்டும் கேட்டவன் போலத் தோன்றுவான். பெயர் பிஸ்கட் என்றார். இரண்டு குடும்பங்கள் எடுத்துப்போய் இரண்டு குடும்பங்களும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். குரைக்கிறது என்று ஒருவர், பிள்ளை பிறந்துவிட்டது என்று இன்னொருவர். மூன்றாம் தடவையும் திரும்பி வந்தான் என்றால் பிறகு இவனை யாரும் எடுக்கமாட்டார்கள், கூண்டிலேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். அப்பா அதை மொழிபெயர்த்தபோது அம்மா "சீ, பாவம்" என்றார். சொல்லிவிட்டு, பாவமென்றாலும் நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் உடனே சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தடை முதல் மழைவரைக்கும் நின்றது. மழைக்கு விறாந்தையில் இடம் கிடைத்தது. விறாந்தையில் குளிர் என்று குசினி வாசல். வாசலில் கால் தடக்குகிறது என்று குசினிக்குள் ஒரு மூலை. மாதம் முடிவதற்குள் அம்மா தேங்காய் துருவும்போது அவருடைய முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் அளவுக்கு அவன் குடியுரிமை பெற்றிருந்தான். அமைப்பு தந்த உலர்ந்த உருண்டைகளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புவான். புட்டு என்றால் உயிர்.

பிஸ்கட் என்ற பெயர் அம்மாவின் வாயில் ஒருநாள்கூட நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிஸ்கட்டுக்கு விசுக்கோத்து என்று பெயர். "விசுக்கோத்து!" என்று அம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தால் வீடு அதிர ஓடிவருவான். பிஸ்கட் என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டு நாயைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுபோலப் படுத்திருப்பான். அவனுக்கு அடிப்படைக் கட்டளைகள் பழக்க வேண்டும் என்று வானில் வந்த பெண் சொல்லியிருந்தார். அம்மா பழக்கினார். இரு, வா, சும்மா இரு, அங்கால போ. எந்த மொழியில் பழக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லவில்லையே.

எல்லாவற்றிலும் அவன் தேர்ச்சி பெற்றது ஒன்றில்தான். விடிந்ததும் அம்மா பின்கதவைத் திறந்து "போட்டு வா" என்பார். விசுக்கோத்து நேரே எலுமிச்சை மரத்தின் பின்னால் போவான், காரியத்தை முடிப்பான், பின்னங்காலால் மண்ணைக் கிளறுவான், வேறெங்கும் பார்க்காமல் ஓடிவந்து கதவடியில் இருப்பான். உடனே ஒரு பிடி புட்டு கிடைக்கும். ஒருநாளும் தவறியதில்லை. "பெத்த பிள்ளையைவிடச் சொல்வழி கேக்குது" என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

படுக்கை மட்டும் மாமாவின் கட்டிலுக்குக் கீழே. மாமா அவனை மச்சான் என்று கூப்பிட்டார். "எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே விசா, என்ன மச்சான்?" என்று கேட்டு அவன் மடிந்த காதை நிமிர்த்திவிடுவார். அது திரும்ப விழுந்துவிடும். அப்பாவின் தந்திரத்திலும் ஓர் ஓட்டை விழுந்தது. எனக்கு நாய் ஆசை தீரவில்லை. அப்பாவுக்குப் புதிதாகப் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போகிறேன் என்று கிளம்புகிற மனிதர் காருக்குள் நாயை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டுச் சாமான் வாங்க மறந்து திரும்பி வந்தார்.

பிறகு அந்த அழைப்பு வந்தது. விசுக்கோத்துக்கு வீடு கிடைத்துவிட்டது.

ஷரன் என்பது அவர் பெயர். எங்களுக்கு அடுத்த ரயில் நிலையமான டூங்காபியில் தனியாக இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தோளும் கையும் அதற்கேற்றவை. சனிக்கிழமை நாயைப் பார்க்க வந்தவர் விறாந்தையில் நின்று "பிஸ்கட், சிட்" என்றார். விசுக்கோத்து விளங்காத மொழியில் ஓடும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சத்தத்தைக் கூட்டினார். அம்மாவோடு ஆங்கிலம் பேசுகிறவர்களும் அப்படித்தான், விளங்கவில்லை என்றால் இன்னும் பலமாகக் கத்துவார்கள். நாய்க்குக் காது கேளாதா என்று அவர் அப்பாவிடம் கவலையோடு கேட்டபோது, கராஜ் வாசலில் சாய்ந்து நின்ற மாமா மெல்ல "இரு" என்றார். நாய் பொத்தென்று இருந்தது.

ஷரன் கைதட்டிச் சிரித்தார். பிறகு தானும் "இர்ரூ" என்றார். விசுக்கோத்து யோசித்தான். உச்சரிப்பு பிழை என்றாலும் மன்னித்து, எழுந்துபோய் அவர் காலடியில் இருந்தான். அன்றைக்கே 'வா', 'சும்மா இரு' இரண்டையும் பாடமாக்கிக்கொண்டார். போன குளிர்காலத்தில் தன்னுடைய கிழட்டு நாய் செத்துப்போனதைச் சொன்னார். அதன் கழுத்துவார் இன்னும் கதவுக் கொக்கியில்தான் தொங்குகிறதாம், கழற்ற மனம் வரவில்லையாம். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார், எங்கள் வீட்டு அளவுக்குச் சீனி போட்டு. ஷரன் அதை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

எனக்கு மட்டும் அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. என் நாயைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவர் அழுதால் என்ன, சிரித்தால் என்ன.

அடுத்த ஞாயிறு விசுக்கோத்தைக் குளிக்கவார்த்தோம். அம்மா சாமியறையிலிருந்து திருநீறு கொண்டுவந்து அவன் நெற்றியில் பூசினார். அது மருந்தா என்று ஷரன் கேட்டார். ஓம், ஒரு வகையில் மருந்துதான் என்று அப்பா சொல்லிவைத்தார். புட்டு ஒரு பெட்டியில், அவன் படுக்கிற பழைய சாரத்துணி ஒரு பையில். எல்லாம் ஏற்றியான பிறகு நாங்கள் காரைச் சுற்றி வரிசையாக நின்றோம். "போட்டு வா, விசுக்கோத்து" என்றார் அம்மா. "போட்டு வா" என்றார் அப்பா. "மச்சான், போட்டு வா" என்றார் மாமா. நான் அழுகைக்கு நடுவே அவன் காதுக்குள்ளேயே சொன்னேன். எல்லா வாயிலிருந்தும் ஒரே சொல் வருவதைக் கண்டு அவன் மிகக் கவனமாகக் கேட்டான். ஏதோ பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டு காருக்குள் ஏறினான்.

இரண்டாம் நாள் விடிய, அம்மா பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தார். திறந்ததும் கத்தினார். நாங்கள் ஓடிப்போனோம். பின்வளவுப் படலைக்கு வெளியே, மூக்கைக் கம்பிக்குள் நுழைத்துக்கொண்டு விசுக்கோத்து இருந்தான். கால் நாலும் சேறு. நெற்றியில் திருநீறு பாதி மிச்சம். படலையைத் திறந்ததும் நேரே வந்து வழக்கமான இடத்தில், கதவடியில் இருந்துகொண்டு அம்மாவைப் பார்த்தான். புட்டு எங்கே என்று கேட்கிற பார்வை அது.

நான் ஆடிய ஆட்டத்தில் பூச்சாடி ஒன்று உடைந்தது. பிள்ளையாரிடம் நான் வைத்த வேண்டுதல்தான் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவின் முகமும் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முதலில் புட்டைப் போட்டார். பிறகு "ஃபோனை எடுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார்.

ஷரன் வீட்டுச் செருப்போடேயே வந்துவிட்டார். இருட்டோடு எழும்பி வீதி வீதியாகத் தேடியிருக்கிறார். விறாந்தைப் படியில் தொப்பென்று இருந்து விசுக்கோத்தின் முதுகைத் தடவினார். இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் பிடித்து வைத்திருப்பது பாவம், அந்த அமைப்பிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்குக் காதில் தேன் வார்த்ததுபோல இருந்தது. "அப்ப எங்களிட்டையே வந்திடுவான்!" என்று குதித்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார் அப்பா. "அங்கிள் போன கிழமையே கேட்டிட்டார், நாய் போயிட்டுதோ எண்டு. இனி எங்களுக்குத் தரமாட்டினம். கூட்டுக்குள்ளைதான் போடுவினம்."

அம்மா விசுக்கோத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை என்று வானில் வந்த பெண் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாமா தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"அக்கா, விடியக் கதவைத் திறந்து விடேக்கை இவனுக்கு என்ன சொல்லுறனீங்கள்?"

"போட்டு வா எண்டு."

"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் வரிசையிலை நிண்டு என்ன சொன்னனாங்கள்?"

அம்மா வாயில் கையை வைத்தார்.

"சொன்னதைத்தானே அக்கா செய்திருக்கிறான். போட்டு வந்திருக்கிறான்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒன்றும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்த ஷரனுக்கு ஒருவழியாக விளக்கினார். எங்கள் மொழியில் போ என்று சொல்லி ஒருவரை அனுப்புவதில்லை, போய்விட்டு வா என்றுதான் சொல்வோம், இவன் அதைக் கட்டளையாக எடுத்துவிட்டான் என்றார். ஷரன் நெஞ்சில் கைவைத்தார். அப்படியென்றால் அவனுக்கு என்னில் வெறுப்பில்லையா என்று கேட்டார். வெறுப்பென்ன, டூங்காபியிலிருந்து இவ்வளவு தூரம் நடந்துவந்தது பணிவினால்தான் என்று அப்பா உறுதியளித்தார். பிறகு ஷரன் நியாயமாக ஒன்று கேட்டார். ஒருவர் திரும்பி வரக்கூடாது என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அப்பா யோசித்தார். மாமாவைப் பார்த்தார். அதற்கு எங்களிடம் நல்ல சொல் ஒன்றும் இல்லை என்றார்.

இன்னொருமுறை முயன்று பார்ப்பது என்று முடிவானது. கார்க்கதவைத் திறந்து வைத்தார்கள். "ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லப்படாது" என்று அம்மா எங்களைப் பார்த்து உத்தரவிட்டார். அப்பா அவன் முதுகில் தட்டிவிட்டு விலகினார். மாமா அவனுடைய மடிந்த காதைக் கடைசியாக ஒருமுறை நிமிர்த்திவிட்டார். நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை வந்து பொத்தியது, கார் கழுவுகிற சவர்க்கார மணத்தோடு.

அம்மா முழங்காலில் குந்தி, சேலைத்தலைப்பால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார். பிறகு எழுந்து நின்று, "போ ராசா" என்றார்.

விசுக்கோத்து நகரவில்லை. ஒரு காதை நிமிர்த்திக்கொண்டு, அந்தச் சொல்லின் மிச்சப் பாதிக்காக அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். குப்பைத்தொட்டி வைக்கப் போகிறவருக்குக்கூடத் திரும்பி வரச் சொல்கிற அம்மா, காரைக் காட்டி இன்னொருமுறை, கொஞ்சம் உரக்க, "போ" என்றார். அவன் வாலைத் தாழ்த்திக்கொண்டு மெல்லப் போய் ஏறினான்.

இதற்குப் பிறகு அவன் திரும்பி ஓடிவரவே இல்லை. அந்தக் கோடை விடுமுறையில் ஷரன் அவனை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார். கொழுத்திருந்தான். ஆங்கிலம் நன்றாக விளங்கியது. மாமாவைக் கீழே விழுத்தி முகம் முழுக்க நக்கினான், அம்மாவிடம் இரண்டு தடவை புட்டு வாங்கினான், ஷரன் சாவியைக் கிலுக்கியதும் நாங்கள் ஒரு சொல்லும் சொல்லுமுன்பே போய்க் காருக்குள் ஏறி முன்னிருக்கையில் இருந்துகொண்டான். அந்தக் கழுத்துவார்க் கொக்கிக் கதையும் முடிந்திருந்தது. பழைய நாயின் வார்தான் அவன் கழுத்தில் இருந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அவனை அப்படி அனுப்பிய அன்று சாயந்தரம் நான் குசினிக் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா அவனுடைய தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமா வேலையால் வந்து வாசலில் சாய்ந்து நின்றார்.

"நீங்கள் வா எண்டு சொல்லேல்லை," என்று நான் அம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "நீங்கள் கூடாத அம்மா."

மாமாதான் பேசினார், என்னிடமல்ல.

"எனக்கும் எங்கட அப்பா வா எண்டு சொல்லேல்லையே அக்கா. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையடியிலை வந்து நிண்டவர். போ எண்டு மட்டும்தான் சொன்னவர். அவ்வளவுதான், உள்ளுக்குப் போயிட்டார்."

"வா எண்டு சொல்லியிருந்தா," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே, "நீயும் உவனை மாதிரி அடுத்த நாளே வந்து படலையிலை நிண்டிருப்பாய்."

இருவரும் சிரித்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா ஏற்கெனவே கழுவி முடித்த தட்டை மறுபடி குழாயடியில் பிடித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஊரிலிருந்து அம்மாவின் அப்பா, என் அம்மப்பா, வழக்கம்போலத் தொலைபேசியில் வந்தார். பேத்தி எங்கே, ஒருக்கால் குரலைக் கேட்பம் என்றார். பெற்ற மகனுக்கு 'வா' என்ற ஒரு சொல்லைக் கொடுக்க மனமில்லாத மனிதரோடு எனக்கு என்ன கதை என்று நான் கராஜுக்குள் ஓடி, மாமாவின் கட்டிலுக்குக் கீழே விசுக்கோத்து படுத்திருந்த இடத்தில் ஒளிந்துகொண்டேன்.